நிரப்புவதற்காக எழுதிய மூன்றாவது வழி

காலை பத்தேகால். ஜனாதிபதியின் அறைக்கு வெளியே ஐந்து நாற்காலிகள், நான்கு காலி, சுவரோரத்து ஐந்தாவதில் ஜெயகௌரி. வெளிநாட்டு விவகாரங்களுக்கான ஆலோசகர் என்று இரண்டு மாடி கீழே ஒரு கதவில் அவள் பெயர் ஏழு வருடமாகத் தொங்குகிறது. மடியில் கிடந்த மெல்லிய கோப்பை இனித் திறக்கக் கூடாது என்று தீர்மானித்தாள், தீர்மானித்த கையோடு திறந்தாள். ஒரே பக்கம். அதில் மூன்று வழிகள். மூன்றாவதற்கு நேரே பென்சிலால் ஒரு சரி போட்டிருந்தது. கணக்கு வாத்தியார் போடுவது போல வால் நீண்ட சரி. ஜனாதிபதி போட்டதுதான், அந்தக் கோப்புகளில் வேறு யாரும் பென்சில் வைப்பதில்லை. இரண்டாவதற்குப் போடப் போய்க் கை வழுக்கியிருக்குமோ? கார் போகிற போக்கில் போட்டிருந்தால், கார் ஒரு குழியில் இறங்கியிருந்தால்? அவள் பக்கத்தைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். சரியின் கால் மூன்றாவது வழியின் முதல் சொல்லில் ஊன்றி நின்றது. குழியும் இல்லை, வழுக்கலும் இல்லை. மனிதர் வாசித்திருக்கிறார், பிடித்திருக்கிறது, சரி போட்டிருக்கிறார். பதினொன்றுக்குத் தூதுவர் வருகிறார், அதற்கு முன் வந்து என்னைப் பாருங்கள் என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். அவருக்கு யார் சொல்வது, அந்த மூன்றாவது வழி தெரிவு செய்வதற்காக எழுதப்பட்டதல்ல என்று?

மூன்று வழி எழுதுவது அந்தக் கட்டிடத்தின் பழக்கம். அவளை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்த முதல் மாதம் பழைய கோப்புகளைப் படித்துக்கொண்டு போனபோது தானாகப் பிடிபட்டது. தலைவர் மாறுவார், ஆலோசகர் மாறுவார், குறிப்பு மட்டும் ஒரு பக்கம், வழி மூன்று. முதல் வழி முரட்டுத்தனமாக இருக்கும், வாசிக்கிற ஆள் அடுத்த வழிக்குத் தாவுவார். மூன்றாவது பார்க்க அழகாக இருக்கும், கால் தரையில் பாவாது. இரண்டு பைத்தியங்களுக்கு நடுவில் அகப்பட்ட கணக்காளரைப் போல இரண்டாவது வழி நிற்கும். ஆலோசகருக்கு வேண்டியது அதுதான். தலைவர் மூன்றையும் வாசித்து, நெற்றியைத் தடவி, தானே யோசித்துக் கண்டுபிடித்ததாக நம்பி நடுவில் சரி போடுவார். அப்படிப் போட்ட சரிகளைச் சேர்த்துத்தான் வெளியுறவுக் கொள்கை என்று பத்திரிகைகள் எழுதின. போன வருடம் ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர், நமது தலைவர்களுக்கு இயல்பிலேயே ஒரு நடுநிலை மனப்பாங்கு இருக்கிறது என்று நாற்பது நிமிடம் பேசினார். ஜெயகௌரி முன்வரிசையில் இருந்து மீன் ரோல்ஸ் தின்றுகொண்டு கேட்டாள். கை தட்டவும் செய்தாள். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட நடு தவறியதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது, வெளியே சொல்ல முடியாத பெருமை. சமையற்காரனுக்குத் தன் உப்பின் மேல் இருக்கும் பெருமை மாதிரி. இன்றைக்கு உப்பு எங்கே கூடியது?

விஷயம் ஒரு கப்பல். நாடுகளின் பெயரை அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்வதில்லை. துறைமுகம் கட்டித் தருகிற நாடு தூரத்து வீடு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பது பக்கத்து வீடு. தூரத்து வீட்டின் ஆய்வுக் கப்பல் ஒன்று கிழக்குக் கடலில் மூன்று மாதம் நின்று கடலடித் தரையை அளக்க அனுமதி கேட்டது. பதினொன்றுக்கு வருகிற தூதுவர் அந்த வீட்டுக்காரர். அளக்கவா வருகிறார்கள், ஒட்டுக்கேட்கவா என்று பக்கத்து வீடு கேட்டது. கேட்டுவிட்டு, அடுத்த மாதம் அங்கிருந்து வரவேண்டிய எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று எரிபொருள் வரிசையில் கால் கடுக்க நின்ற இந்த நாட்டுச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. அவளும் நின்றிருக்கிறாள், ஆலோசகராக இருந்துகொண்டே, கையில் பிளாஸ்டிக் கேன் வைத்துக்கொண்டு, முன்னால் நின்ற மனிதர் மயங்கி விழுந்தபோது அவருடைய இடத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு. ஆகவே முதல் வழி: மறுத்துவிடலாம். இரண்டாவது: தொழில்நுட்பக் காரணங்களைச் சொல்லி ஆறு மாதம் தள்ளிப் போடலாம். இதைத்தான் நான்கு நாள் இருந்து செதுக்கினாள், யாருக்கும் வலிக்காத சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி. மூன்றாவதற்கு நேரம் இருக்கவில்லை. அலுவலகத்துக்கு வருகிற வழியில், கொழும்பின் காலி வீதி நெரிசலில், வாகனத்தில் இருந்தபடி கால் மணி நேரத்தில் எழுதி முடித்தாள். கப்பல் வரட்டும், தனியாக வேண்டாம். பக்கத்து நாட்டுக் கடலியலாளரும் ஏறட்டும், நமது பல்கலைக்கழகத்தாரும் ஏறட்டும், வங்காள விரிகுடாவைச் சுற்றியிருக்கிற எந்த நாட்டவருக்கும் இடம் உண்டு. அளந்ததெல்லாம் அளந்த அன்றைக்கே எல்லோருக்கும் பொது. முதல் வேலையாகக் கிழக்குக் கரையோரத்தின் அடித்தரையை வரையட்டும், புயல் நேரத்தில் கடல் எந்த ஊருக்குள் எவ்வளவு உயரம் ஏறும் என்று அது இல்லாமல் ஒருவராலும் சொல்ல முடியாது. அவ்வளவுதான். எழுதி முடித்தபோது வாகனம் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நின்றது. மனம் லேசாக இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. யாரும் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்து எழுதுவதில் ஒரு சுகம்.

தூரத்து வீடு என்ன சொல்லும்? எங்கள் கப்பலில் யார் ஏறுவது என்று நீங்களா தீர்மானிப்பது என்று கேட்கும். பக்கத்து வீடு? ஒட்டுக்கேட்கிற கப்பலில் எங்களையே கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்களா என்று கேட்கும். அல்லது இரண்டு வீடும் ஒன்றும் கேட்காது, சிரிக்கும். சிரிப்பதுதான் மோசம். கோபத்துக்கு மருந்து இருக்கிறது, இன்னொரு தூதுக்குழு, இன்னொரு விருந்து. தலைவர் ஒருவரைப் பார்த்து இரண்டு தலைநகரங்கள் சிரித்தால் அதற்கு மருந்து, அந்த யோசனையைச் சொன்ன ஆள் வீட்டுக்குப் போவதுதான். ஜெயகௌரி வீட்டுக்குப் போவாள். போகலாம், அதில் என்ன, போய் இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் எரிபொருள் வராவிட்டால்? அந்த மனிதர் மயங்கி விழுந்த வரிசை, அவருடைய சட்டைப் பையிலிருந்து விழுந்த மூக்குக் கண்ணாடி, அதை யாரோ மிதித்த சத்தம். அந்தச் சத்தத்திலேயே மனம் சிக்கி நின்றது, கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி. அவள் தலையை ஆட்டி அதைத் தள்ளினாள்.

வெளிவிவகார அமைச்சிலிருந்து வந்த ஹில்மி அந்த நேரம் உள்ளே நுழைந்தார். கிழக்கிலங்கைச் சம்மாந்துறைக்காரர், அமைச்சுக்கும் இந்தக் கட்டிடத்துக்கும் நடுவில் ஓடித் திரிவது அவர் வேலை. மற்றவர்கள் முன்னால் ஆங்கிலம், ஆளில்லாத அறை என்றால் இருவருக்கும் தமிழ்.

"என்னக்கா, காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறீங்க?"

அவள் கோப்பை நீட்டினாள். நின்றபடியே வாசித்தார். வாசித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அல்லாஹ்வே."

"மெதுவா."

"இது மூணாவதெல்லா? மூணாவதுக்கு யாரும் குறிக்கிறல்லையே. மூணாவது சும்மா இருக்கிறதுக்கெண்டுதானே இருக்கு."

"அவருக்கு அது தெரியாது, ஹில்மி."

"பிழ உங்கடதான். கோவிக்காதீங்க, உள்ளதச் சொல்றன். மூணாவத இவ்வளவு நல்லா எழுதச் சொன்னது யாரு? நான் எழுதினா எப்படி எழுதுவன் தெரியுமா? 'பல்தரப்புக் கூட்டு ஆய்வுப் பொறிமுறையொன்றின் சாத்தியப்பாட்டினைப் பரிசீலித்தல்.' முடிஞ்சி. மனிசன் ரெண்டாவது சொல்லுலயே நித்திர. நீங்க என்னெண்டா, கப்பல் வரட்டும், தனியாக வேண்டாம் எண்டு கதை சொல்றமாதிரி எழுதி வச்சிருக்கீங்க. எனக்கே ஏறிப் போகோணும் போல இருக்கு."

"நீங்க ஏறினா தல சுத்திச் சத்தி எடுப்பீங்க."

"அது வேற. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல்ல."

"லேசு. உள்ள போங்க. சேர், இதுல மூணு சட்டச் சிக்கல் இருக்கு எண்டு சொல்லுங்க. ரெண்டாவதுக்குக் கொண்டு வந்திரலாம்."

"என்ன மூணு சிக்கல்?"

"அது கதவத் திறக்கக்குள்ள வரும். சிக்கலுக்கா இந்த நாட்டுல பஞ்சம்?" எழுந்து கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். போகிற வழியில் நின்று, குரலை இன்னும் இறக்கி, "அக்கா, நம்மட ஊர்ப்பக்கம் நெனச்சித்தானே எழுதின நீங்க?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

நம்மட ஊர்ப்பக்கம். இல்லை, நெரிசலில் இருந்து எழுதினாள், இடம் நிரப்ப எழுதினாள். ஆனால் கை தானாகப் போய்க் கிழக்குக் கரையோரம் என்று எழுதியது, யாரும் கேட்கவில்லை, தெற்குக் கரையோரம் என்றும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எழுபத்தெட்டாம் வருடம், நவம்பர், கல்லடியில் அவளுக்கு எட்டு வயது. மட்டக்களப்பில் சூறாவளி என்றால் எந்தச் சூறாவளி என்று யாரும் கேட்பதில்லை. வானொலியில் ஏதோ சொன்னார்களாம், அவர்கள் வீட்டு வானொலியில் பற்றரி இல்லை. பின்னேரம் ஆகாயம் பழுத்த மஞ்சளாக இருந்தது, அவளுக்கு அது அழகாகப்பட்டது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பொன்னம்பலம் மாமா, அம்மாவின் தம்பி, தோணியை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். இந்தக் காத்துக்குள்ள எங்கடா போறாய் என்று அம்மா கேட்டாள். காத்துத்தானேக்கா, தண்ணியா வரப்போகுது, என்றார். சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அந்த முதுகு. அவர் கோழை இல்லை, முட்டாளும் இல்லை, கடலைப் பற்றி அந்தத் தெருவில் அவருக்குத்தான் அதிகம் தெரியும், ஆனால் தண்ணீர் எவ்வளவு தூரம் வரும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு மட்டுமா, ஊரில், அரசாங்கக் கச்சேரியில், கொழும்பில், உலகத்தில் யாருக்கும் தெரியாது. கடலின் தரை எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தானே கடல் எப்படி ஏறும் என்று தெரியும். மறுநாள் காலை தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன, தலை வாரிவிட்ட மாதிரி. தோணி கிடைத்தது. அம்மா அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விநாடி நின்று சொல்வாள், படியில் கால் வைக்கப் போய் நிற்பது போல. இதெல்லாம் குறிப்பில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆலோசகரின் மாமாவுக்கு ஒரு பக்கக் குறிப்பில் இடம் கிடையாது. இருந்தாலும் அந்தக் கால் மணி நேரம் அவள் யாரோடு இருந்தாள்?

தொலைபேசி மடியில் அதிர்ந்தது. கணவர். பருத்தித்துறைக்காரர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், இன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவருக்காக வீட்டில் காவல். செய்தி அனுப்பியிருந்தார்: 'ஃபிரிட்ஜ்காரர் வந்திட்டார். கொம்பிரஸர் போச்சாம். 1. புதுசு வாங்கலாம். 2. திருத்தலாம். 3. ஃபிரிட்ஜ் இல்லாமல் இருக்கலாம், எங்கட அம்மாமார் இருந்தவைதானே. கெதியாச் சொல்லும்.' அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு வருடத்தில் வேலை வீட்டுக்குள்ளும் ஊறியிருக்கிறது. மனிதருக்குத் திருத்த விருப்பம், அது நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு என்ன தோன்றியதோ, 3 என்று அடித்து அனுப்பினாள். கால் நிமிடம் ஆகவில்லை, அழைப்பு வந்துவிட்டது.

"இஞ்சாரும், என்ன மூண்டு? கைபட்டு அனுப்பிப்போட்டீரோ?"

"இல்லை. மூண்டுதான்."

"விசரே? உள்ளுக்க இறைச்சி கிடக்கு, நீர் வாங்கின இறால் கிடக்கு. அது சும்மா போட்டது."

"சும்மா எண்டால் ஏன் போட்டீங்கள்?"

"மூண்டு போட்டால்தானே ரெண்டு நல்லாத் தெரியும். உமக்குத் தெரியாத விஷயமே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு அருகில் நின்ற காவல் அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"ஆனால்," என்றார் கணவர், குரல் கொஞ்சம் மாறியிருந்தது, "எழுதேக்க ஒரு ஆசை வந்ததுதான். அது உறுமுற சத்தம் எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்லை. குசினி அமைதியாக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போகலாம், நாலு பேரோட கதைக்கலாம். அதை விடும், இந்த மனிசன் காத்துக்கொண்டு நிக்குது."

"திருத்தச் சொல்லுங்கோ."

"அப்ப ரெண்டு."

"ரெண்டு."

தொலைபேசியை வைத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. சும்மா போட்டது. எழுதேக்க ஒரு ஆசை வந்ததுதான். மனிதர் கணக்குச் செய்வது போலப் பேசுவார், விடை மட்டும் எங்கிருந்தோ வரும். முதல் வழியில் பயத்தை எழுதுகிறோம், இரண்டாவதில் கெட்டித்தனத்தை எழுதுகிறோம். ஆசையை வைக்க வேறு இடம் இல்லாததால் மூன்றாவதில் கொண்டுபோய்ப் போடுகிறோம், யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற துணிவில், பழைய துணிகளைப் பரணில் போடுகிற மாதிரி. ஏழு வருடத்து மூன்றாவதுகள் எங்கே? எல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. வளைகுடாவில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காக நான்கு நாடுகள் சேர்ந்து பேரம் பேசலாம் என்று ஒன்று. பக்கத்து வீட்டோடு பாக்குநீரிணையில் மீன்பிடிக்குப் பொது விடுமுறைக் காலம் என்று ஒன்று. அவை நல்லவையா? ஞாபகத்தில் திருப்பிப் பார்த்தாள். நல்லவைதான். செய்திருக்க முடியுமா? தெரியாது, ஒருவரும் முயலவில்லை, அவளே முயலவிடவில்லை. நடுவில் இருந்ததை அவ்வளவு நேர்த்தியாகச் செய்து வைத்தாளே.

நல்லவை என்றால் நடக்குமா? அதுவும் இல்லை. ஆசை ஒரு தகுதி ஆகாது. ஹில்மி சொன்ன மூன்று சட்டச் சிக்கல் உண்மையிலேயே இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். உள்ளே போய், சேர், மூன்றாவதில் சில சங்கடங்கள் என்று தொடங்கினால் அவர் தலையாட்டுவார், அழிறப்பரை எடுப்பார், எல்லாம் பழைய மாதிரி. யாருக்கும் ஒன்றும் தெரிய வராது. இன்றைக்கே மதியம் சோறு இறங்கும். எவ்வளவு லேசு. நாக்கு நுனியில் அந்த வாக்கியம் ஏற்கெனவே தயாராக இருந்தது, பழகிய வாய்.

படிக்கட்டில் கனமான காலடி. அட்மிரல் மாபிட்டிகம. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று, இப்போது ஜனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகர். அவர் எழுதுவதே இல்லை. கடைசியாக யார் தலைவரின் காதில் பேசிவிட்டு வெளியே வருகிறாரோ அவர் சொன்னதுதான் கொள்கை என்று நம்புகிற ஆள், அதனால் எப்போதும் கடைசியாக உள்ளே போகப் பார்ப்பார். கப்பலை மறுக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. திருகோணமலையில் வேலை பார்த்த காலத்துத் தமிழ் நாலு சொல் இன்னும் வைத்திருந்தார்.

"வணக்கம் அம்மா. சுகமா?" என்று தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போனார். "கேள்விப்பட்டேன். பிரமாதமான அடி."

"என்ன அடி?"

"ஏழு வருடம் நடுவில் வைத்து எங்கள் எல்லோரையும் பழக்கினீர்கள். நான் இரண்டாவதைக் கவிழ்க்க ஒரு கிழமையாக ஆயத்தம் செய்துகொண்டு வந்தால், நீங்கள் மூன்றாவதில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கடற்படையில் இருந்திருந்தால் உங்களுக்குப் பதக்கம் குத்தியிருப்பேன்."

இல்லை, அது விபத்து என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். இந்த மனிதர் ஏழு வருடத்தில் அவளை மெச்சியது இதுதான் முதல் தடவை.

"உள்ளே போய் எதிர்க்கப் போகிறீர்களா?"

அட்மிரல் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். முழங்காலைத் தடவினார். "கிழக்குக் கரைக்கு எங்களிடம் இருக்கிற வரைபடத்தில் பாதி, வெள்ளைக்காரன் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி அளந்தது. தெரியுமா? நான் அதை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டியிருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். தூரத்து வீடு தனியாக அளந்து தன் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டு போவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். எல்லோருக்கும் தருவார்கள் என்றால்..." தோளை உயர்த்தினார். "ஆதரித்துப் பேச மாட்டேன். என் ஆட்கள் என்னைக் கிழித்துவிடுவார்கள். ஆனால் இன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. உள்ளே போகவில்லை."

அவர் எழுந்து, வந்த படிக்கட்டிலேயே இறங்கிப் போனார். காலடிச் சத்தம் தேய்ந்தது. ஒருவர் எதிர்க்காமல் விட்டது ஆதரவாகுமா? ஆகாது. ஆனால் தடையும் இல்லை. அவள் விரல்களை மடக்கினாள். பல்கலைக்கழகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் செருப்பு மாட்டாமல் ஓடி வருவார்கள். வங்காள விரிகுடாவின் மறுகரையில் புயலுக்கு வருடா வருடம் சனம் சாகிற நாடுகள் இருக்கின்றன, அவர்கள் வருவார்கள். அவர்கள் ஏறிவிட்டால் தூரத்து வீட்டால் எங்கள் கப்பல் எங்கள் இஷ்டம் என்று சொல்வது கஷ்டம், உலகத்தின் முன்னால் கஞ்சத்தனமாகத் தெரியும். பக்கத்து வீடு? மற்றவர்கள் எல்லாம் ஏறுகிற கப்பலில் தாங்கள் மட்டும் கரையில் நிற்க அவர்களுக்குப் பிடிக்குமா? முதல் தடவையாக அவள் மூன்றாவது வழியை ஒரு வழியாக நினைத்துப் பார்த்தாள். கால் தரையில் பாவியது. முழுப் பாதமும் இல்லை, விரல் நுனி மட்டும். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் அது காலையிலிருந்து அடித்த அடி இல்லை, வேறு மாதிரி, வெளியூர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும்போது அடிப்பது மாதிரி. அதையும் நம்ப முடியாது. ஐம்பத்து நான்கு வயதில் இந்த வேலையில் நம்பிக்கை வருவது உடம்புக்கு நல்லதா கெட்டதா?

செயலாளர் கதவைத் திறந்து தலையசைத்தார்.

ஜனாதிபதி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். மேசையில் பாதி குடித்த பிளேன் டீ. உட்காரச் சொன்னார், குறிப்பைக் கேட்டு வாங்கவில்லை.

"இதை நான் தெரிவு செய்வேன் என்று நினைத்து எழுதவில்லை, அப்படித்தானே?"

பழகிய வாய் திறந்தது, அதற்குள் இருந்த வாக்கியம் வரவில்லை.

"இல்லை, சேர். நிரப்புவதற்காக எழுதினேன்."

"தெரிவு செய்வேன் என்று நினைத்திருந்தால்?"

"கவனமாக எழுதியிருப்பேன். கவனமாக எழுதியிருந்தால் நீங்கள் தெரிவு செய்திருக்க மாட்டீர்கள்."

அவர் தேநீர்க் கோப்பையைச் சுற்றிப் பார்த்தார். "ஏழு வருடமாக நடுவில் இருப்பதைப் பரிமாறுகிறீர்கள். நானும் எடுத்துச் சாப்பிடுகிறேன். வேண்டாம் என்றால் உங்களுக்கு மனம் நோகும் என்று." அவர் சிரிக்கவில்லை. "சொல்லுங்கள். இது நடக்குமா?"

"தெரியாது, சேர். முதல் இரண்டும் நிச்சயமாக நடக்கும். நடந்தால் ஆறு மாதத்தில் இதே கப்பல் வரும், இதே தூதுவர் வருவார், நான் இதே பக்கத்தை எழுதிக்கொண்டு வருவேன். இது நடக்குமா என்று தெரியாது. நடந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியும். எந்த ஊருக்குள் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம்."

"பக்கத்து வீடு?"

"ஒரு கிழமை கோபிப்பார்கள். மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் இருக்க மாட்டார்கள். தூதுவர் வெளியே போன கையோடு அவர்களுக்கு நாங்களே சொல்லிவிட வேண்டும், பத்திரிகையில் பார்க்கக் கூடாது."

"எரிபொருளை நிறுத்தினால்?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இரண்டாவது வழியிலும் அந்தப் பயம் இருந்தது, நான் அதை எழுதவில்லை."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவளைப் பார்த்தார். "சிரித்தால்?"

"என்னுடைய யோசனை என்று சொல்லுங்கள். அந்த ஆளை விலக்கியாயிற்று என்றும் சொல்லுங்கள். ஆலோசகர்களை வைத்திருப்பதே அதற்குத்தானே, சேர்."

இப்போது சிரித்தார், சிறியதாக, மூக்கால். மேசையில் மணி அடித்தது, தூதுவர் கீழே வந்துவிட்டார். வழக்கப்படி ஜெயகௌரி எழுந்து பக்கத்துக் கதவை நோக்கிப் போனாள். ஆலோசகர்கள் அந்தக் கதவால் போய்விடுவார்கள், வெளிநாட்டார் கண்ணில் படுவதில்லை, சொல்லப்படுவதெல்லாம் தலைவரின் மனதில் பிறந்ததாகவே இருக்க வேண்டும்.

"எங்கே போகிறீர்கள்?" என்றார் ஜனாதிபதி. "இருங்கள். நான் இதைச் சொன்னால் அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கும். நீங்கள் எழுதினீர்கள், நீங்களே சொல்லுங்கள். எழுதின மாதிரியே சொல்லுங்கள், கவனமாக வேண்டாம்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கதவு திறந்தது, தூதுவர் கை நீட்டிக்கொண்டு வந்தார், மூன்றாவது ஆள் ஒருத்தி இருப்பதைப் பார்த்து நீட்டிய கை ஒரு கணம் தயங்கியது. மரியாதைப் பேச்சுகள் முடிந்தன. ஜனாதிபதி அவள் பக்கம் தலையைத் திருப்பினார். அவள் நடுவே ஒரு சொல்லும் செதுக்கி வைத்திருக்கவில்லை, தப்பிக்க ஓர் ஓரமும் விட்டு வைத்திருக்கவில்லை, ஏழு வருடத்தில் இப்படிக் கையை வீசிக்கொண்டு ஒரு வாக்கியத்துக்குள் இறங்கியதில்லை. "மேன்மை தங்கிய தூதுவர் அவர்களே," என்று தொடங்கினாள், "உங்கள் கப்பல் வரட்டும்."

தூதுவரின் முகம் மலர்ந்தது.

"ஆனால் தனியாக வேண்டாம்," என்றாள். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், மிகுதியையும் சொல்லி முடித்தாள்.

அடுத்த வருடம் ஜூலை மாதம் ஏழாம் திகதி காலை, அந்த ஆய்வுக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஐந்து நாடுகளைச் சேர்ந்த பத்தொன்பது கடலியலாளர்கள் அதில் இருந்தனர். அவர்களில் இருவர் பக்கத்து நாட்டவர்.